மஞ்சள் விளக்கு எரிந்தால் முதல் காசு யாருக்கு?

காரின் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் நம்ம மக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுகிறார்கள். முதல் கட்சி, "அதெல்லாம் சென்சார் கம்ப்ளைண்ட் சார், கண்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, விளக்கு மேல் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டாத குறையாக ஓட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது கட்சி நேராக சர்வீஸ் சென்டருக்குப் போய், எதை மாற்றச் சொன்னாலும் மாற்றிக்கொண்டு, கார்டைத் தேய்த்துவிட்டு வரும்.

இரண்டு பேரும் செய்வது தப்பு என்பது மூன்றாவது கட்சியான என் கட்சி. (ஆள் பலம் குறைவு. அதனால்தான் இந்தப் பதிவு :-))

என் கட்சியின் கொள்கை ஒரே வரி. விளக்கு எரிந்தால் முதல் காசைப் பார்ட்டுக்குக் கொடுக்காதீர்கள். என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கிறவருக்குக் கொடுங்கள்.

"இதென்ன பெரிய கொள்கை, எல்லாரும் அப்படித்தானே செய்யறோம்" என்கிறீர்களா? இல்லை. போன முறை ஒர்க்‌ஷாப் போனபோது "செக்கிங் சார்ஜ் ஐந்நூறு" என்றதும் "பார்க்கறதுக்கே ஐந்நூறா?" என்று கேட்டது யார்? அதே பில்லில் பதினெட்டாயிரத்துக்கு ஒரு பார்ட் போட்டிருந்தால் வாயைத் திறக்காமல் கட்டியிருப்போம். பார்ட்டைக் கையால் தொட்டுப் பார்க்க முடிகிறது, யோசனையைத் தொட முடியாது. யோசனைக்குக் காசு தராத ஊரில் யாரும் யோசிக்க மாட்டார்கள், பார்ட்டைத்தான் விற்பார்கள். நாமே வளர்த்துவிட்ட வியாபாரம் இது.

சாதாரண காருக்கே இது பொருந்தும். ஆனால் நாலு சக்கரமும் இழுக்கிற ஆல் வீல் டிரைவ் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பத்து மடங்கு பொருந்தும். வடக்கே வந்து செட்டில் ஆன நம்மவர்கள் பலர் இப்போது இந்த வகைக்கு மாறியிருக்கிறார்கள். காரணம் தெரிந்ததுதான். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, குளிர்காலத்தில் மணாலியோடு நிற்காமல் சிஸ்ஸு வரை போய்ப் பனியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆகிவிட்டது. பனி அதிகமான நாட்களில் போலீஸ் ஃபோர் பை ஃபோர் வண்டிகளை மட்டும் மேலே விடுவதும் உண்டு. 2014-இல் டஸ்டர், 2022-இல் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் என்று நடுத்தரக் குடும்பம் யோசிக்கக்கூடிய விலையிலும் ஆல் வீல் டிரைவ் வந்தது. சண்டிகர் செக்டர் 31 முருகன் கோயில் வாசலில் ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள், நான் சொல்வது புரியும்.

கார் வந்துவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்கிற அறிவு மட்டும் கூட வரவில்லை. அதனால் விளக்கு எரிந்ததும் பயம் வருகிறது. பயந்தவனிடம் எதையும் விற்கலாம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஜிம்னி மாதிரி லீவரை இழுத்து நாலு சக்கரத்தையும் சேர்க்கும் வண்டிகளை விட்டுவிடுங்கள், அவை வேறு ஜாதி. நான் பேசுவது தானாகவே முடிவெடுக்கும் ஆல் வீல் டிரைவ். இதில் சாதாரணமாக முன் சக்கரங்கள்தான் இழுக்கும். பின்னால் டிஃபரன்ஷியலுக்கு முன்பு கப்ளிங் என்று ஒரு சாமான் இருக்கிறது. முன் சக்கரம் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால் அந்தக் கப்ளிங்கை இறுக்கி, பின் சக்கரங்களுக்கும் இழுவையை அனுப்பும்.

வழுக்குகிறது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு வேக சென்சார் இருக்கிறது. நாலும் என்ன வேகத்தில் சுற்றுகின்றன என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இதில் முக்கியமான விஷயம், அதே நாலு சென்சாரைத்தான் ஏபிஎஸ் பிரேக்கும் பயன்படுத்துகிறது, வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஈஎஸ்பி-யும் பயன்படுத்துகிறது, ஆல் வீல் டிரைவும் பயன்படுத்துகிறது.

எங்கள் வங்கிக் கணக்கில் சொல்கிறேன். நாலு கிளைகள் தினமும் ஹெட் ஆபீசுக்கு ஸ்டேட்மெண்ட் அனுப்புகின்றன. ஒரு நாள் ஒரு கிளையிலிருந்து வரவில்லை. ஹெட் ஆபீசில் கன்சாலிடேஷன் நின்று போகும், அதை நம்பியிருக்கும் மூன்று டிபார்ட்மெண்டும் "எங்கள் வேலை நிற்கிறது" என்று சிவப்பு மையில் எழுதும். அதற்காக மூன்று டிபார்ட்மெண்டிலும் கொள்ளை போய்விட்டதென்று அர்த்தமா? அந்தக் கிளையில் லைன் கட்டாகியிருக்கும், அவ்வளவுதான்.

காரிலும் இதேதான். ஒரு சக்கரத்தின் சென்சாரில் சேறு அப்பினாலோ, ஒயர் உரசி அறுந்தாலோ, ஏபிஎஸ் விளக்கு, சறுக்கும் கார் படம் போட்ட விளக்கு, ஆல் வீல் டிரைவ் எச்சரிக்கை என்று மூன்றும் சேர்ந்து எரியும். சில கார்களில் கூடவே குரூஸ் கண்ட்ரோலும் வேலை செய்யாது. கோயில் திருவிழாவுக்கு சீரியல் பல்பு போட்ட மாதிரி டேஷ்போர்டே ஜொலிக்கும். பார்க்கிறவருக்கு வண்டியே போச்சு என்று தோன்றும். கோளாறு என்னவோ ஒரே இடத்தில் இருக்கும்.

அமெரிக்காவில் சுபாரு வைத்திருக்கும் நம் உறவுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த வண்டிகளில் என்ஜின் விளக்கு எரிந்தாலே குரூஸ் விளக்கு மினுக்கும், டிராக்‌ஷன் விளக்கும் கூடவே எரியும். அவற்றில் ஒரு கோளாறும் இருக்காது. என்ஜின் கணக்கு சரியில்லாதபோது மற்றவற்றையும் நம்ப வேண்டாம் என்று கம்ப்யூட்டர் தானே ஒதுங்கிக்கொள்கிறது.

ஆக, எச்சரிக்கை விளக்கு ஒரு தீர்ப்பு அல்ல. "இங்கே கணக்கு இடிக்கிறது, வந்து பாருங்கள்" என்கிற குறிப்பு மட்டும்தான். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் கேஷியர் திருடிவிட்டார் என்று யாரும் போலீசுக்குப் போவதில்லை. முதலில் போஸ்டிங்கைச் சரிபார்க்கிறோம். காருக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கலாமே.

எல்லா விளக்கையும் இப்படி நிதானமாகப் பார்க்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு என்றால் ஓரம் கட்டுங்கள். ஆயில் கேன் படம் சிவப்பாக எரிந்தால் என்ஜினை உடனே அணைக்க வேண்டும், "அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும்" என்ற பேச்சே கிடையாது. சூடு காட்டும் சிவப்பு விளக்குக்கும், ஹேண்ட் பிரேக்கை எடுத்த பிறகும் அணையாத பிரேக் விளக்குக்கும் அப்படித்தான். பாட்டரி படம் எரிந்தால் அது பாட்டரி பற்றி அல்ல, சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். மஞ்சள் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீட்டுக்குப் போகலாம். மினுக் மினுக் என்று எரிந்தால் என்ஜின் மிஸ்ஃபயர் ஆகிறது, எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுத் தின்றுவிடும். ஆக்ஸிலரேட்டரை விட்டு, மெல்ல ஒதுங்கி நிறுத்துங்கள்.

ஆல் வீல் டிரைவ் எச்சரிக்கை மட்டும் மஞ்சளாக வந்தால், வண்டி பெரும்பாலும் முன் சக்கர இழுவையில் ஓடும். காய்ந்த ரோட்டில் நிதானமாக வீடு வந்து சேரலாம். பனியில் மேலே ஏறுவதை அன்றைக்கு மறந்துவிடுங்கள். அதைவிட முக்கியம், வண்டி நின்றுபோய் இழுத்துக்கொண்டு போக வேண்டி வந்தால், நாலு சக்கரமும் தரையைத் தொடாத ஃப்ளாட்பெட் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கிப் பின் சக்கரம் உருள இழுத்துப் போனால், நல்லா இருந்த கப்ளிங்கும் போய்விடும். மலையில் இழுவை வண்டிக்காரர் அவசரப்படுத்துவார். அசையாதீர்கள்.

இப்போது கண்டுபிடிக்கும் வேலைக்கு வருவோம். ஒரு நல்ல மெக்கானிக் எதைத் திறப்பதற்கு முன்னாலும் டயரைப் பார்ப்பார். டயரா? ஆமாம், டயர்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரு டயர் கிழிந்துவிடுகிறது. மற்ற மூன்றும் பாதி தேய்ந்தவை. ஒன்றை மட்டும் புதிதாக மாற்றுகிறோம். சிக்கனம்! ஆனால் கணக்கைப் பாருங்கள். 215/60 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 690 மி.மீ. புது டயரில் பட்டன் ஆழம் 8 மி.மீ., பழசில் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆரத்தில் 5 மி.மீ. வித்தியாசம், விட்டத்தில் 10 மி.மீ. சுற்றளவில் சுமார் 31 மி.மீ. குறைகிறது. புது டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 461 சுற்று சுற்றும். தேய்ந்தது 468 சுற்று. கிலோமீட்டருக்கு ஏழு சுற்று வித்தியாசம். சண்டிகரிலிருந்து சிம்லா 115 கிலோமீட்டர் என்று வைத்தால், போய்ச் சேருவதற்குள் எண்ணூறு சுற்றுக்குப் பக்கத்தில் வித்தியாசம்!

முன் சக்கர இழுவை காரில் இது பெரிய விஷயமில்லை. ஆல் வீல் டிரைவில் கம்ப்யூட்டர் இதை "வழுக்குகிறது" என்று நினைக்கும். கப்ளிங்கை இறுக்கும், தளர்த்தும், மறுபடி இறுக்கும். கப்ளிங் சூடாகும். சூடு அளவைத் தாண்டினால் ஆல் வீல் டிரைவை நிறுத்திவிட்டு விளக்கைப் போடும். விளக்கைப் பார்த்து ஒர்க்‌ஷாப்பில் கப்ளிங் போச்சு என்பார்கள். புதுக் கப்ளிங் போட்டாலும் அதே டயரில் அதுவும் சூடாகும். இரண்டாவது தடவை விளக்கு எரியும்போது "ஒயரிங் செட் மாத்தணும்" என்பார்கள். டயர் பக்கம் யாரும் குனிந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால்தான் இந்த வகைக் கார்களின் கையேட்டில் நாலு டயரும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறத்தாழ ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். முன் பின் மாற்றிப் போடும் ரொட்டேஷனைக் காலத்தில் செய்தால் நாலும் சேர்ந்து தேயும். அளவு சிறிய ஸ்டெப்னி கொடுத்திருந்தால் அது பஞ்சர் கடை வரை போவதற்கு மட்டும்தான்.

அடுத்தது காற்று. சண்டிகரில் அக்டோபர் பகலில் 32 டிகிரியில் 33 பிஎஸ்ஐ காற்று அடித்தீர்கள். ஜனவரி காலையில் 5 டிகிரி. ஐந்தாறு டிகிரி குறைந்தால் ஒரு பிஎஸ்ஐ குறையும் என்பது பொதுக் கணக்கு. குளிரிலேயே ஐந்து பிஎஸ்ஐ போச்சு. மூன்று மாதத்தில் தானாகக் கசிந்தது இன்னும் ரெண்டு மூன்று. குதிரை லாடம் மாதிரி வளைவுக்குள் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. மத்தியானம் வெயிலில் ஓடிச் சூடானதும் அணைந்து போகிறது. "தானா சரியாயிடுச்சு" என்று சந்தோஷப்படாதீர்கள். காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபாருங்கள். இதற்கெல்லாம் சென்சார் மாற்றச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்றாவது பாட்டரி. குளிரில் பாட்டரியின் சக்தி குறையும். ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் ஒரேயடியாக இறங்கினால், ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஈஎஸ்பி என்று பல பெட்டிகளும் ஒரே நேரத்தில் கோளாறு என்று பதிந்து வைக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து விளக்குகள் குளிர்ந்த காலையில் சேர்ந்து எரிந்தால் முதலில் பாட்டரியைச் சந்தேகப்படுங்கள். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு 12.6 வோல்ட் இருந்தால் நல்ல நிலை. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

டயர், காற்று, பாட்டரி மூன்றும் சரி. அதன் பிறகுதான் கோட்.

2013 ஏப்ரலில் இருந்து நம் நாட்டுக் கார்களுக்கு ஓபிடி இரண்டாம் கட்டம் கட்டாயம். டிரைவர் பக்கம் ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரை மாட்டினால் ஐந்து எழுத்துக் கோட் ஒன்று வரும். முதல் எழுத்து பி என்றால் என்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. சி என்றால் பிரேக், சஸ்பென்ஷன் பக்கம். யு என்றால் பெட்டிகளுக்குள் பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது என்று பொருள்.

கோட் கூடத் தீர்ப்பு அல்ல என்பதைக் கவனியுங்கள். பி0171 என்று ஒரு கோட். பெட்ரோலை விடக் காற்று அதிகமாகப் போகிறது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். எங்கேயோ ஒரு ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். காற்றை அளக்கும் சென்சாரில் தூசி இருக்கலாம். பெட்ரோல் பம்ப் வலுவிழந்திருக்கலாம். முதல் இரண்டும் சில நூறு ரூபாயில் முடியும், மூன்றாவது பெரிய செலவு. எது என்று கோட் சொல்லாது, மனிதர்தான் பார்க்க வேண்டும்.

அவருக்கு உதவியாகக் கம்ப்யூட்டர் இன்னொன்றையும் வைத்திருக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். என்ஜின் கோளாறு பதிவான அந்த வினாடியில் வேகம் என்ன, ஆர்பிஎம் என்ன, என்ஜின் சூடு என்ன என்று படம் பிடித்து வைத்திருக்கும். எங்கள் கிளை சிசிடிவி மாதிரி. சர்வீஸ் சென்டரில் சேர்ந்ததும் பையன் ஒருத்தன் ஸ்கேனரை மாட்டிக் கோடை அழித்து விளக்கை அணைத்துவிட்டு "ஹோ கயா சார்" என்றால், அவன் சிசிடிவி பதிவை அழித்திருக்கிறான் என்று அர்த்தம். விளக்கு சில நாளில் திரும்ப வரும். சாட்சி வராது.

என் வண்டிக்கே நடந்ததைச் சொல்கிறேன். நார்கண்டா போய்வந்த பிறகு மேலே சொன்ன மூன்று விளக்கும் சேர்ந்து எரிந்தன. கம்பெனி சர்வீஸ் சென்டரில் (பெயர் வேண்டாம்) கொடுத்த எஸ்டிமேட், பின் கப்ளிங் முழு செட், லேபரோடு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். "என்ன கோட் வந்தது?" என்றேன். "சிஸ்டம்ல காட்டுது சார்" என்றார் அட்வைசர். "சிஸ்டம்ல காட்டுறதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுங்க" என்றேன். அரை மணி நேரம் மூன்று மேஜை சுற்றிய பிறகு வந்தது. அதில் கப்ளிங் பற்றி ஒரு வரி கூட இல்லை. பின் இடது சக்கர வேக சென்சாரிலிருந்து சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்றுதான் இருந்தது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மணிமாஜ்ரா மோட்டார் மார்க்கெட்டில் ஒரு சர்தார்ஜியிடம் போனேன். அவர் தாளைப் படித்துவிட்டு, நாலு டயரின் தேய்மானத்தை அளந்தார். பாட்டரியைப் பார்த்தார். பிறகு ஸ்கேனரோடு பக்கத்தில் உட்கார்ந்து என்னை ஓட்டச் சொன்னார். முப்பதில் போகும்போது மூன்று சக்கரம் முப்பது காட்டியது, பின் இடது மட்டும் பூஜ்யத்துக்கும் முப்பதுக்கும் குதித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து வண்டியைத் தூக்கினார். கிளிப் உடைந்து தொங்கிய ஒயர் சஸ்பென்ஷனில் உரசி உள்ளே தாமிரம் தெரிந்தது. ஒயரைச் சரிசெய்து, புதுக் கிளிப் போட்டு, மறுபடி ஓட்டி நாலும் முப்பது காட்டுவதைக் காண்பித்தார். பில் ஆயிரத்து இருநூறு. அதில் சாமான் நூற்று ஐம்பது கூட இருக்காது. மிச்சமெல்லாம் அந்த ஒன்றரை மணி நேர மூளை. நான் ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு மலிவாக எதையும் வாங்கியதில்லை.

இதைக் கேட்டதும் "பார்த்தீங்களா, கம்பெனி சர்வீஸ்னாலே கொள்ளைதான்" என்று ஆரம்பிக்காதீர்கள். நான் சொல்வது அதுவல்ல. அந்த அட்வைசருக்கு மாதம் இத்தனை பார்ட் விற்க வேண்டும் என்று டார்கெட் இருந்திருக்கும். டார்கெட் என்றால் என்ன என்று வங்கிக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டாம். லோன் கேட்டு வருகிறவரிடம் நாங்கள் என்னென்ன பாலிசி பற்றிப் பேசுகிறோம் என்று உங்களுக்கே தெரியும் :-) ஆள் கெட்டவர் இல்லை. எதற்குச் சம்பளம் வருகிறதோ அதை மனிதன் செய்வான். கண்டுபிடிப்பதற்குத் தனியாகப் பணம் வந்தால் அதையும் செய்வான்.

இரண்டு ஆட்சேபங்கள் வரும். முதலாவது, "வாரண்டியில் இருக்கும்போது எதை மாற்றினால் நமக்கென்ன?" வாரண்டியில் தப்பான பார்ட்டை மாற்றினால் நிஜக் கோளாறு அங்கேயே இருக்கும். வாரண்டி முடிந்த பிறகு அது திரும்பி வரும், அப்போது காசு உங்களுடையது. வாரண்டி இருக்கும்போதுதான் கோடையும் விளக்கு எரிந்த தேதியையும் ஜாப் கார்டில் எழுத வைக்க வேண்டும். பிற்பாடு "இது பழைய கம்ப்ளைண்ட்" என்று நிரூபிக்க அது ஒன்றுதான் ஆதாரம். வாரண்டி நாட்களில் வெளியே ஒயரை வெட்டி ஒட்டுவதற்கு முன்பும் விதிமுறையைப் படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, "ஆன்லைனில் மலிவாக ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் கிடைக்கிறதே, நாமே பார்த்துக்கொண்டால் என்ன?" கண்டிப்பாக வாங்குங்கள். என்ஜின் விளக்குக்கு நல்ல உதவி. ஆனால் மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் என்ஜின் கோடை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ், ஆல் வீல் டிரைவ் பெட்டிகளைப் படிக்க அந்தந்தக் கம்பெனிக்குத் தகுந்த ஸ்கேனர் வேண்டும். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், அது இருக்கிறவருக்கு, படிக்கத் தெரிந்தவருக்குக் காசு கொடுங்கள்.

இது ஊரில் இருப்பவர்களை விட நமக்கு ஏன் முக்கியம் என்றால், சொந்த ஊரில் அப்பா காலத்து மெக்கானிக் இருப்பார். "தம்பி, இது ஒண்ணுமில்ல, போய்ட்டு வா" என்று அவர் சொன்னால் நம்பலாம். இங்கே நமக்கு அப்படி யாரும் இல்லை. ஒருவரைப் பிடித்துப் பழகுவதற்குள் மூன்று வருடம் முடிந்து அடுத்த டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துவிடுகிறது. பேச்சும் அரைகுறை ஹிந்தி. ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போதே நாம் பாதி தோற்றுப் போய்த்தான் நுழைகிறோம். கையில் ஒரு தாள் இருந்தால் அந்தப் பயம் போகும். தாளுக்கு மொழி தேவையில்லை. பி0171 சண்டிகரிலும் அதுதான், குவாஹாட்டியிலும் அதுதான்.

ஆகவே நான் எல்லாரிடமும் சொல்வது இவ்வளவுதான்:

1. விளக்கு எரிந்ததும் டேஷ்போர்டை ஃபோனில் படம் எடுங்கள். தேதி, கிலோமீட்டர், மழையா பனியா, என்ன வேகம் என்று நாலு வரி எழுதுங்கள்.

2. டயர், காற்று, பாட்டரி மூன்றையும் முதலில் பாருங்கள்.

3. கோடைப் படித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் காசு தருவதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. எந்தச் சோதனை செய்து இந்தப் பார்ட் என்று முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் பார்ட்டும் இல்லை.

5. வண்டிக்கென்று ஒரு நோட்டு வையுங்கள். அடுத்த ஊருக்கு மாற்றலாகும்போது சார்ஜ் ஹேண்ட் ஓவர் ஃபைல் மாதிரி அதுவும் கூட வரட்டும்.

ஹிந்தி தடுமாறுகிறவர்களுக்கு நாலு வாக்கியம். "பெஹலே கோட் திகாயியே", முதலில் கோடைக் காட்டுங்கள். "டிலீட் மத் கீஜியே, பெஹலே லிக் கே தீஜியே", அழிக்காதீர்கள், முதலில் எழுதிக் கொடுங்கள். "செக்கிங் கா பைசா அலக் தூங்கா", சோதனைக்குத் தனியாகக் காசு தருகிறேன். (பெண்கள் "தூங்கி" என்று சொல்ல வேண்டும். தூக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை :-)) "புரானா பார்ட் வாபஸ் சாஹியே", கழற்றிய பழைய பார்ட் எனக்குத் திரும்ப வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னதும் எஸ்டிமேட்டில் பாதி ஐட்டம் காணாமல் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதுக்குக் கொஞ்சம் மனசு வேண்டும் என்று தெரியும். ஒன்றும் மாற்றாமல் "பார்த்தேன், இதுதான் பிரச்சினை" என்று மட்டும் சொன்னவருக்கு ஆயிரம் ரூபாய் எடுத்து நீட்டுவது நம் கைக்குப் பழக்கமில்லை. டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறோம், ஆடிட்டருக்குக் கொடுக்கிறோம். எண்ணெய்க் கறை படிந்த கை என்றால் மட்டும் யோசிக்கிறோம். குடும்பத்தோடு பனி ரோட்டில் போகப் போவது அந்தக் கை சொல்வதை நம்பித்தான். மோட்டார் மார்க்கெட்டில் அப்படி யோசிக்கிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். நாம் காசு கொடுத்தால்தான் அடுத்த டிரான்ஸ்ஃபரில் இங்கே வரப்போகிற நம் ஆளுக்கும் அவர்கள் இருப்பார்கள்.